படுத்துப் பார்த்துச் சொன்னவர்

எங்கள் தெருவில் யாராவது மனை வாங்குவதாக இருந்தால், பேச்சு முடிப்பதற்கு முன்னால் எதிர்வீட்டு அண்ணனைக் கூட்டிப்போய் அந்த இடத்தில் படுக்க வைப்பார்கள். சில ஊர்களில் இதற்குப் பசுமாட்டைக் கட்டிப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மாடு படுத்து அசைபோட்டால் நல்ல இடம். செலியமேட்டில் எங்களுக்கு அவர் இருந்தார்.

வேன் ஓட்டுகிறவர். சொந்த வேன். கிரிவலம், காதுகுத்து, பெண் பார்க்கப் போவது எல்லாம் அந்த வேனில்தான். எங்கள் எதிர்வீடு. ரத்த சொந்தம் கிடையாது, ஆனாலும் நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் தங்கச்சி என்பார். பெயர் வேண்டாம். அவர் சம்சாரம் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.

குள்ளமான, பருத்த உடம்பு. தோளில் எப்போதும் ஒரு துண்டு. படுக்கிற இடத்தில் அதை நாலாய் மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்வார். தலையணை கொடுத்தால் வாங்க மாட்டார். "தலையணையில படுத்தா தலையணதான் பேசும், மண்ணு பேசாது" என்பார். வடக்கே மட்டும் தலை வைக்க மாட்டார். கண்ணை மூடினால் குறட்டை வந்துவிடும். அந்தக் குறட்டையை வைத்தே ஜனங்கள் பாதி முடிவு செய்துவிடுவார்கள். எழுந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தூங்கிட்டேன்" என்றால் வாங்கலாம். "வேற பாருங்க" என்றால் வேண்டாம். இரண்டே பதில். காரணம் கேட்டால் டீ குடிக்கலாம் வாங்க என்று நடந்துவிடுவார்.

அவர் சம்சாரம் வாய்த்துடுக்கு. குழாயடியில் நாலு பேர் இருக்கும்போதுதான் ஆரம்பிப்பார்கள்.

"இந்த மனுசன் படுக்காத எடம் வில்லியனூர்லேருந்து பாகூர் வரைக்கும் ஒண்ணு பாக்கி இல்ல. வூட்ல மட்டும் ஆளக் காணோம்."

நாங்கள் சிரிப்போம். அவரும் வேனைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார். "ஒன் பக்கத்துல படுத்தா மண்ணா பேசும்? நீதான பேசுவ" என்பார்.

அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று நான் சொல்லவில்லை. வில்லியனூர் பக்கம் ஒருத்தர் வாங்க இருந்த மனையில் படுத்துவிட்டு வேற பாருங்க என்றார். அவர்கள் கேட்கவில்லை, கட்டினார்கள். மாடி மேல் மாடி எடுத்து, பேரப்பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறார்கள். தேர்த்திருவிழாவுக்குப் போகும்போது அந்த வீட்டைக் காட்டிக் கேலி செய்வார்கள். "நல்லா இருக்கட்டும். நல்லா இருந்தா எனக்கு இன்னா நஷ்டம்?" என்பார். ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் சாப்பிடக் கூப்பிட்டபோது வாசலிலேயே நின்று பேசிவிட்டு வந்துவிட்டார்.

நாங்கள் இப்போது இருக்கும் வீட்டுக்கும் அவர்தான் படுத்துப் பார்த்தார். அப்போது அது சும்மாக் கிடந்த கரும்புக் கொல்லை மூலை. வெயில் சாயும் நேரத்தில் படுத்தவர், விளக்கு வைக்கும்போதுதான் எழுந்தார். கன்னமெல்லாம் புல் தழும்பு.

"தூங்கிட்டேன் தங்கச்சி. எங்க அம்மா மடியில தூங்குன மாதிரி. கட்டு" என்றார். பிறகு மேஸ்திரி கயிறு பிடிக்கும்போது தானாக வந்து நின்று, "கூடத்தப் பெருசா வையி. ஒரு வூடுன்னா வர்றவங்க போறவங்க படுக்க எடம் வோணும்" என்றார். என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். நான்தான் பிடிவாதமாகக் கூடத்தைப் பெரிதாக எடுக்கச் சொன்னேன். எங்கள் தெருவில் எங்கள் கூடம்தான் பெரியது.

காரணத்தை அவர் எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னார். கிரிவலம் முடிந்து வரும் வழியில், மற்றவர்கள் எல்லாம் வேனில் தூங்கிப்போக, அவருக்குத் தூக்கம் வராமல் இருக்க நான் முன்சீட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தேன்.

"கல்யாண வூட்ல எப்பிடிப் படுப்போம்?" என்று கேட்டார்.

"வரிசையா" என்றேன்.

"லேட்டா வந்தவன் இன்னா சொல்லுவான்?"

"கொஞ்சம் தள்ளிப் படுன்னுவான்."

"நாம இன்னா செய்வோம்?"

"தள்ளிப் படுப்போம். கண்ணகூடத் தெறக்க மாட்டோம்."

"அதான். நம்ம ஜனங்க தூக்கத்துலயும் எடம் குடுக்கறவங்க. சின்ன வயசுலேருந்து பழகிப்போச்சி. சில எடத்துல படுத்தேன்னு வையி, தூக்கத்துல யாரோ சொல்றாங்க, 'கொஞ்சம் தள்ளிப் படுப்பா'ன்னு. நல்ல மரியாதையா. அதட்டல் எல்லாம் கெடையாது. பக்கத்துல பாத்தா ஆள் இல்ல. அது ஏற்கெனவே ஒருத்தர் படுத்திருக்கற எடம். அதத்தான் வேற பாருங்கன்னு சொல்லிடுவேன்."

முருகா என்றேன்.

"பயப்படாத. தள்ளக் கூடாது, அவ்ளோதான். ஏந்திரிச்சி ஒக்காந்துடணும். ஒக்காந்துட்டா ஒண்ணுமில்ல. தள்ளிட்டா, எடம் குடுத்துட்டோம்னு ஆயிடும். எடம் குடுத்தவங்க கூடவே வந்துடும்."

நான் சாமி கும்பிடுகிறவள். வெள்ளிக்கிழமை தவறினாலும் பிரதோஷம் தவறாது. பேய்க்கதை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் எப்படிப்பட்ட மனுஷர் என்று சொல்வதற்கு இது இல்லாமல் முடியாது.

என் மகள் சௌமியா அப்போது திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தொடர்ந்தாற்போல லீவு வந்தது. கூட வேலை செய்கிற பெண்கள் எல்லாம் சேர்ந்து மெட்ராஸ் பக்கம் ஏதோ ஒரு பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கப்போவதாகத் திட்டம். வாட்ஸ்அப்பில் அதற்கு ஒரு குரூப். சாப்பாட்டுத் தட்டில் கை காய்ந்துபோகிற வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கேம்பிங் அம்மா. டென்ட்ல தங்கறது. மரத்தடியில நெருப்பு மூட்டி, சமைச்சி சாப்ட்டு, அங்கயே படுத்து ஏந்திரிச்சி வர்றது."

"யாருக்கு வேண்டுதல்?" என்றேன்.

"வேண்டுதல் எல்லாம் இல்லம்மா. சும்மா."

என் வீட்டுக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஏண்டி, இம்மாம் பெரிய கூடம் கட்டி வச்சிருக்கேன். வெளியில போயி மண்ணுல பொரள்றதுக்கா?"

"மெட்ராஸ்காரங்கள்லாம் போறாங்கப்பா."

"அவங்களுக்கு வூட்ல எடமில்ல, போறாங்க."

நாங்கள் வெளியிடத்தில் படுக்காதவர்கள் இல்லை. பாதயாத்திரை போகும்போது பள்ளிக்கூட வராந்தா, மண்டபம், பெட்ரோல் பங்க் என்று கண்ட இடத்திலும் படுத்திருக்கிறோம். ஆனால் அதெல்லாம் ஒரு சாமியை நோக்கிப் போகிற வழி. போய்ச் சேர ஒரு தெய்வம் இல்லாமல், படுப்பதற்காகவே ஓர் இடத்துக்குப் போவது எனக்கு மனசில் ஒட்டவில்லை. வேண்டாம் என்றால் அழுவாள். கடைசியில், நானும் வருவேன், வேன் எதிர்வீட்டு அண்ணனுடையது, அவர் முன்னால் போய்ப் படுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டேன்.

"ஐயோ, வேன் மாமா படுத்து ரிவ்யூ குடுக்கப் போறாரா? குரூப்ல போட்டா சிரிப்பாங்கம்மா!" என்றாள். ஆனாலும் ஓடிப்போய் அவரிடம் சொன்னதும் அவள்தான். அவர் மடியில் வளர்ந்தவள். குழந்தை இல்லாத வீடு அது.

அவர் ஒரு மெட்ராஸ் சவாரியோடு சேர்த்து இரண்டு இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வண்டலூர் தாண்டி ஒரு ஏரியோரப் பூங்கா. "தூங்கிட்டேன். கொசு மட்டும் பிச்சி எடுக்குது" என்றார். ஆனால் சௌமியா போனில் தட்டிப் பார்த்தபோது அங்கே இடமெல்லாம் நிரம்பிவிட்டது. மற்றது செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கம், மாந்தோப்பை வளைத்துப் போட்ட தனியார் பூங்கா. அதற்கு மட்டும் அவர் பதிலே சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"இன்னா அண்ணே, யாராவது பேசினாங்களா?"

"இல்ல."

"அப்ப தூங்கினீங்களா?"

"அதான் தங்கச்சி புரியல. தூக்கமே வரல. நல்ல நெழலு, நல்ல காத்து. மல்லாக்கப் படுத்து மாமரத்தையே பாத்துக்கிட்டு கெடந்தேன். கண்ணு மூடல. இப்பிடி எனக்கு ஆனதே இல்ல."

"அப்ப வேற பாருங்கன்னுதான அர்த்தம்?"

"அத எப்பிடிச் சொல்றது? கேக்காததக் கேட்டேன்னு சொல்லக் கூடாது."

சௌமியா இடையில் புகுந்தாள். "மாமா, வயசாச்சி ஒங்களுக்கு. அதான் தூக்கம் வரல. எல்லாரும் லீவு சொல்லிட்டோம். ஒங்க தூக்கத்துக்காக கேன்சல் பண்ண முடியுமா?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "செரி. போவோம். ஆனா நான் படுக்க மாட்டேன். வண்டியில ஒக்காந்திருப்பேன்" என்றார்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டிக் கிளம்பினோம். அந்தப் பெண்கள் வேன் முழுக்கக் கூத்தடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தியின் தாயாரும் வந்திருந்தார்கள், எனக்குத் துணை. அங்கே வாடகைக்குப் படுக்கை தருவார்கள் என்று சௌமியா சொல்லியும் கேளாமல், யார் யாரோ படுத்ததில் நீ படுக்காதே என்று அவளுக்கு வீட்டுக் கோரைப்பாயைச் சுருட்டி எடுத்து வந்திருந்தேன்.

குறை சொல்ல முடியாத இடம். வரிசையாக மாமரம், நடுவில் பச்சையும் நீலமுமாகக் கூடாரங்கள். மெட்ராஸிலிருந்து வந்த குடும்பங்கள் கோழியைக் கம்பியில் செருகிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பந்து விளையாடின. மரங்களில் காக்கை மட்டும் இல்லை. நானும் அந்த அம்மாளும் அதைப் பேசிக்கொண்டோம். சாப்பிடும்போது நான் முதல் உருண்டையைக் காக்கைக்கு வைத்தேன். விடிகிறவரைக்கும் அது அப்படியே இருந்தது.

எங்களுக்கு ஒதுக்கியதில் ஒரு சின்னக் கூடாரம் கடைசி மரத்தடியில் தனியாக இருந்தது. அதில் சௌமியாவோடு படுக்க வேண்டிய பெண் கடைசி நேரத்தில் வராமல் நின்றுவிட்டாள். நான் வருகிறேன் என்றேன்.

"வூட்லதான் தனியா ஒரு எடத்துல இருக்க உடமாட்ட. ஒரு ராத்திரி உடும்மா. நீ பக்கத்து டென்ட்லதான இருக்கப் போற?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து நான் மறுக்கவில்லை.

நெருப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அவர் எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "பாப்பாங்களா, ஒரே ஒரு சேதி. ராத்திரி யாராவது வந்து தள்ளிப் படுன்னு சொன்னா, தள்ளாதீங்க. ஏந்திரிச்சி ஒக்காருங்க. வெளக்கப் போடுங்க. என்னக் கூப்புடுங்க."

"ஐ, வேன் மாமா பேய்க்கத ஆரம்பிச்சிட்டாரு!" என்று ஒரு பெண் கைதட்டினாள்.

"கதை இல்லம்மா. ரூல்ஸு."

"ரூல்ஸாம்டி! மீறுனா ஃபைன் போடுவீங்களா மாமா?" என்று சௌமியாவும் சேர்ந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் கந்தன் பெயரைச் சொல்லிக்கொண்டே படுத்தேன். அலைச்சல் உடம்பு, அயர்ந்துவிட்டேன். கண் விழித்தபோது நன்றாக வெளுத்திருந்தது. அவர் வேன் படியிலேயே உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. "ஒண்ணுமில்ல தங்கச்சி. கடேசிக் கூடாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். யாரும் போவல, வரல" என்றார். எனக்கு உயிர் வந்தது. டீ வாங்கி வந்து அவருக்கு ஒன்று கொடுத்துவிட்டு நான் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சௌமியா கொட்டாவி விட்டுக்கொண்டு தலைமுடியை முடிந்தபடி வந்தாள்.

"ஏம்மா, தனியா படுக்கறேன்னு சொன்னா கேக்க மாட்டியா நீ? நடுராத்திரி வந்து பூனமாரி படுத்துக்கற."

நான் டீயை வேன் படியில் வைத்தேன்.

"தள்ளிப் படுன்னு சொன்னதும் தள்ளித்தான படுத்தேன்? அப்பறம் இன்னாத்துக்கு கையத் தூக்கி மேல போட்ட? ஒங் கையி இன்னாம்மா, ஐஸ் மாரி."

நான் அவளிடம் போகவே இல்லை. வாயைத் திறப்பதற்குள் அவரைப் பார்த்தேன். அவர் அவளுக்குத் தெரியாமல், தலையை மெல்ல மேலும் கீழும் அசைத்தார். ஆமாம் என்று சொல், என்று கண்ணால் கெஞ்சினார்.

"குளுருச்சிடி. அதான் வந்தேன்" என்றேன்.

"கேட்டீங்களா மாமா, இவங்களுக்குக் குளுருச்சாம்!" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டாள்.

நான் போய் அந்தக் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். பாய் நடுவில்தான் விரித்திருந்தது. அவள் படுத்த சுருக்கம் ஒரு ஓரத்தில், துணிச் சுவரை ஒட்டி. மிச்சப் பாதி சுருக்கமில்லாமல் இருந்தது. தொட்டேன். சில்லென்றிருந்தது. பனி என்று சொல்லிக்கொள்ளலாம். பனிக்காலம்தான்.

அவர் என் பின்னாலேயே வந்து நின்றார். "அவளுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா பயத்துலயே பாதி ஆயிடுவா" என்று காதோடு சொன்னார். பிறகு வெளியே பார்த்துச் சத்தமாக, "சௌமியா! வண்டி சீட்டுல கிரீஸ் ஆயிடுச்சி. ஒம் பாய நான் எடுத்துக்கட்டாம்மா?" என்றார்.

"எடுத்துக்குங்க மாமா, அம்மா வேற வாங்கித் தரும்" என்று வாயில் நுரையோடு பதில் வந்தது.

அவர் பாயைச் சுருட்டவில்லை. அதில் படுத்தார். அந்தச் சுருக்கமில்லாத பாதியில், துண்டை மடித்துத் தலைக்கு வைத்து, கண்ணை மூடி. கொஞ்ச நேரம்தான். என்ன கேட்டாரோ, "ம்" என்றார். ஒரு சாண் தள்ளிப் படுத்தார். பிறகு எழுந்து பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, தள்ளக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"கெளம்பலாம் தங்கச்சி. வெயில் ஏறிடும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சௌமியாவுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டேன். அவளுக்கு ஒரு காய்ச்சல் தலைவலி இல்லை. கன்னம் பூரித்து, சாப்பிட்டுத் தூங்கி, வேலைக்குப் போய்வந்தாள்.

எதிர்வீட்டில்தான் மாறியது.

முதலில் குழாயடியில் சிரிப்பாகத்தான் வந்தது. "ஒங்க அண்ணனுக்குக் கட்டில் வேணாமாம். சீட்டுக்குப் போடறேன்னு கொண்டாந்த பாயில கீழ படுக்கறாரு" என்றார்கள் அவர் சம்சாரம். பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்தவர் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டார் என்றார்கள். அப்புறம் கதவோரம். சொல்லச் சொல்ல அந்தத் துடுக்கு வாயில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. "குறட்டையே இல்லம்மா. குறட்ட சத்தத்துக்கு நான் எவ்ளோ திட்டியிருப்பேன்? இப்ப அது இல்லாம எனக்குத் தூக்கம் வரல. முழிச்சிப் பாத்தா, 'ம்'முன்னு சொல்லிட்டு வாசப் பக்கமா நவுர்றாரு."

வேன் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். தூங்காத டிரைவர் ஜனங்களை ஏற்றக் கூடாது என்று வண்டியை அப்படியே மூடிப் போட்டுவிட்டார்.

பிரதோஷத்துக்கு அவரைப் பாகூர் மூலநாதர் கோயிலுக்கு வற்புறுத்திக் கூட்டிப் போனேன். அபிஷேகம் முடிந்து திரும்பிப் பார்க்கிறேன், பிராகாரத் தூணில் சாய்ந்து குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுப்பாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும், "தெனமும் இங்க வந்து தூங்குங்க அண்ணே. சாமி இருக்கற எடத்துல அது வராது" என்றேன்.

அவர் வேகமாகத் துண்டை உதறினார்.

"அதான் தங்கச்சி. உள்ள வராது. நான் இங்க தூங்குன நேரத்துல அது எங்க போச்சோ?" என்றார். "மொதல்ல வூட்டுக்குப் போன் போடு. சௌமியா இன்னா பண்றான்னு கேளு."

போட்டேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவர் எந்தக் கோயிலுக்குள்ளும் வரவில்லை. கோபுரத்தை வெளியிலிருந்து கும்பிடுவதோடு சரி. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. வருஷம் தவறாமல் எங்களை எல்லாக் கோயிலுக்கும் ஏற்றிப்போனவர் அவர்.

ஒரு நாள் நேரே கேட்டுவிட்டேன். "ஏந்திரிச்சி ஒக்காந்துடுங்க அண்ணே. ஏன் தள்றீங்க?"

"நான் ஏந்திரிச்சிட்டா, அது வேற எடம் தேடும். மொதல்ல எடம் குடுத்தவகிட்டதான் போவும்."

"யாரு அண்ணே அது?"

"மொகம் பாக்கல. ஆனா கெட்டதுன்னு எனக்குத் தோணல. பாவம், படுக்க எடமில்லாத சென்மம். கேக்கறது கொஞ்சம்தான் தங்கச்சி. தெனமும் கொஞ்சம்." தெருப் பக்கம் கையைக் காட்டி, "இன்னும் வாசப்படி இருக்குது" என்றார்.

கார்த்திகை தீபம் கழிந்த ஒரு காலையில் கோலம் போடக் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு வாசலுக்கு வெளியே, தெரு ஓரத்தில், சாக்கடைக் கல்லை ஒட்டி அந்தப் பாய் விரித்திருந்தது. பாயின் கடைசி ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒரு கை கல்லுக்கு வெளியே தொங்கியது. அவர் முதுகுக்குப் பின்னால் பாயில் ஓர் ஆள் தாராளமாகப் படுக்கிற இடம் காலியாக இருந்தது. அதற்கு மேல் தள்ளுவதற்கு அவருக்கு இடம் இல்லை.

டாக்டர் மாரடைப்பு என்றார். இருக்கலாம். பாயை அவரோடு சேர்த்தே எடுத்துப் போய்விட்டார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவருக்காக அழுத அழுகையில் பாதி, என் மகள் பிழைத்தாள் என்கிற அழுகை. சௌமியாவுக்கு ஒன்றும் தெரியாது. "கேம்ப்லயே மாமா ஒரு மாதிரிதான் இருந்தாரு இல்லம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவள் கல்யாணமாகி மெட்ராஸில் இருக்கிறாள். வளைகாப்பு முடித்துப் போன மாசம் பிரசவத்துக்குக் கூட்டி வந்தோம். எதிர்வீட்டு அம்மாள்தான் தினமும் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நேற்று மத்தியானம். சாப்பிட்டுவிட்டுச் சௌமியா கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு ஆள் இல்லை. அவள் தூக்கத்தில், "ம்" என்றாள். கண்ணைத் திறக்காமல், அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு, மெல்லத் தள்ளிப் படுத்தாள். பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற இடம்.

முறத்தை வைத்துவிட்டுப் போனேன். விபூதி எடுத்து அவள் நெற்றியில் பூசினேன். எழுப்பலாம். எழுந்து உட்காரச் சொல்லலாம். ஆனால் எழுப்பினால் சொல்ல வேண்டும், அன்றைக்கு வந்தது நான் இல்லை என்று. இந்த வயிற்றோடு இருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது?

மூலநாதா என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் நான் படுத்தேன். தரையில் பாய் சில்லென்றிருந்தது. அவள் மேல் கையைப் போட்டேன். அவள் தூக்கத்திலேயே என் கையைப் பிடித்துத் தடவினாள்.

"அம்மா, இன்னிக்கு ஒங் கையி சூடா இருக்குது" என்றாள்.

அவள் எழுந்ததும் உள்ளறைக் கட்டிலில் மெத்தையைப் போட்டு, இனிமேல் தரையில் படுக்கக் கூடாது, குழந்தைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பாயை நான் எடுத்துக்கொண்டேன். உள்ளறையை விட்டு விலக்கி, கூடத்தின் நடுவில் விரித்திருக்கிறேன்.

மரியாதையாகத்தான் கேட்கிறது. அவர் சொன்னது போலவே, கொஞ்சம்தான் கேட்கிறது. வாசல் வரைக்கும் இன்னும் நிறையத் தரை இருக்கிறது. நல்லவேளை, அவர் பேச்சைக் கேட்டுக் கூடத்தைப் பெரிதாகக் கட்டினோம்.